தெற்கே விழுந்த நிழல்

சோற்று டப்பாவால் அடித்தாலும் பல் போகும் என்பது பரத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றடுக்கு எவர்சில்வர் டப்பா. உள்ளே சோறும் குழம்பும் தொடாமல் இருந்தன. அவனுடைய சித்தப்பா வெங்கடேசன் அதைக் கைப்பிடியோடு தூக்கி, சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தானியேலின் வாயிலேயே போட்டார். தானியேல் சோற்றுக் கையோடு மல்லாந்தான். முன்பல் இரண்டு மண்ணில் கிடந்தன. வெங்கடேசன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, குழம்பு கொட்டிப்போனதற்கும் சேர்த்துத் தானியேலையே திட்டினார்.

சண்டை நிழலுக்காக. ஆமாம், நிழலுக்காகத்தான். நிலத்துக்காக வெட்டிக்கொண்டார்கள், பெண்ணுக்காக வெட்டிக்கொண்டார்கள் என்றால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீயைக் குடித்து முடிக்கிறோம். ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும் அகலத்து நிழலுக்கு மண்டையை உடைப்பார்களா என்று கேட்பவர், கத்திரி வெயிலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஏற்றிப் பார்க்கவேண்டும். உலைக்கு முன்னால் அரை நாள் நின்றுவிட்டு வெளியே வந்து, வெளியேயும் உலையே எரிந்தால் என்ன செய்வார் என்று பார்க்கலாம்.

அந்த ரோலிங் மில்லில் சாப்பிடுவதற்கென்று ஒரு கொட்டகை இருந்தது. கார்த்திகையில் அடித்த புயல் அதைப் பிய்த்துப் பக்கத்துக் கம்பெனியின் காம்பவுண்டில் எறிந்தது. புதுக் கொட்டகை இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நிர்வாகம் இழுத்தடித்தது. சரக்கு வைக்கும் குடோன் மட்டும் மளமளவென்று எழும்பியது. கிழக்கு மேற்காக நீளமாய், இரண்டு மாடி உயரத்துக்குத் தகரச் சுவர். உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று உத்தரவு. ஆகவே ஆட்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். தை பிறந்ததும் வெங்கடேசன் பாகம் பிரித்தார். வடக்குப் பக்கம் ஊருக்கு, தெற்குப் பக்கம் காலனிக்கு.

ஊர் என்றால் மில்லுக்கு நிலம் கொடுத்தவர்கள். காலனி என்றால் அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்தவர்கள். இப்போது ஊர்க்காரன் லாரியில் கம்பி ஏற்றுகிறான், காலனிக்காரன் உலையிலும் கேஸ் கட்டிங்கிலும் நிற்கிறான். இரண்டு பேரும் ஒரே மிஷினில் விரல் வைத்துத்தான் உள்ளே போகவேண்டும். லோடிங் காண்டிராக்ட் எடுத்திருந்த வெங்கடேசனுக்கு அது ஆறாத புண். சுவரையாவது பிரித்தோமே என்று ஆறுதல்பட்டுக்கொண்டார்.

தை மாதத்தில் வடக்குப் பக்கம் ஒரு லாரியை நிறுத்தும் அகலத்துக்கு நிழல் விழுந்தது. ஊர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் துண்டு விரித்துப் படுத்தார்கள். தெற்குப் பக்கம் வெயில் நேராக முகத்தில் அடித்தது. காலனி ஆட்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சோற்றை அள்ளி விழுங்கினார்கள். மூன்று மாதம் இப்படியே போனது. இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்று வடக்கிலிருந்து ஒரு வாயும் கூப்பிடவில்லை. பங்குனிக் கடைசியில் எபினேசர் பொறுத்தது போதும் என்று கிளம்பினான். காலனியில் கேஸ் கட்டர் அவன், தீயில் இரும்பை அறுக்கிறவன். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, கழிவு இரும்பில் சட்டம் அடித்து, பழைய தகரத்தைப் போட்டு, குடோனின் தெற்குச் சுவரில் ஒரு சாய்ப்புக் கூரையை வெல்டிங்கில் பற்றவைத்துவிட்டான்.

தை முதலே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவந்த வடக்குப் பக்கத்து நிழலை ஊர்க்காரர்கள் அதற்கப்புறம்தான் கவனித்தார்கள். லாரி அகலம் கட்டில் அகலமாகி, கட்டில் அகலம் ஒரு சாண் ஆகி, சித்திரை பாதியில் ஒரு நாள் உச்சியில் சுத்தமாகக் காணாமல்போனது. மறுநாள் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம், காலனி ஆட்களின் மடியில் விழுந்து கிடக்கிறது. சாய்ப்பு போட்டார்கள், நிழல் போனது. சாய்ப்பை மாட்டி, குடோன் கூரையோடு நிழலையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள் என்று லோடுமேன் ரகு சொன்னான். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

இவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? உத்தராயணம், தட்சிணாயனம் என்று காலண்டரில் தினம் கிழிக்கிறவர்கள்தானே. ஆனால் காலனிக்காரன் எடுத்துக்கொண்டான் என்றால் கோபப்பட ஒரு முகம் கிடைக்கிறது. சூரியன் நகர்ந்துவிட்டது என்றால் போய் யாரை அடிப்பது?

தானியேலை அடித்தார்கள். அன்று சாயங்காலமே ரயில்வே கேட் அருகே ரகுவின் வண்டியை யாரோ மறித்து, மண்ணெண்ணெய் டின்னால் தலையில் அடித்தார்கள். காதோரம் கிழிந்து தொங்கியதைத் தைக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலனி ஆட்கள் குடிக்கும் தண்ணீர் டிரம்மில் டீசல் கலந்திருந்தது. குடித்தவர்கள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்கள். வைகாசியில் ஊர்க்காரர்களின் லாரிக் கண்ணாடிகள் நொறுங்கின, ஒரு கிளீனருக்குக் கண் போனது. நிர்வாகம் இரண்டு பக்கமும் நோட்டீஸ் ஒட்டிவிட்டு ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பரத் ஹைட்ரா ஓட்டுகிறவன். கம்பிக் கட்டைத் தூக்கி லாரியில் வைக்கிற அந்தக் கிரேன் சித்தப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா வீரராகவன் அவன் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டார். சோறும் அடியும் அன்றிலிருந்து சித்தப்பாவின் ஒரே கையிலிருந்து வந்தன. டிப்ளமா படிக்கும்போது ஒருமுறை, நாலு பேர் முன்னால், போர்வெல் எத்தனை ஆழம் என்று சித்தப்பா சொன்னதைத் தப்பு என்று சொல்லிவிட்டான். வெங்கடேசன் மண்வெட்டிக் காம்பால் அவன் கழுத்தெலும்பை உடைத்தார். அது கோணலாகத்தான் ஒட்டியது. அதற்குப் பிறகு பரத் சித்தப்பாவைத் திருத்தியதில்லை.

ஹைட்ராவுக்குக் கீழே நின்று கொக்கி மாட்டி, கையால் சைகை காட்டுவதும் எபினேசர்தான். கேஸ் கட்டிங் இல்லாத நேரத்தில் அந்த வேலை அவனுடையது. தூக்கு, இறக்கு, இடது, வலது, எல்லாம் கைதான். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் நிறுத்து என்று அர்த்தம். மற்ற சைகையெல்லாம் ரிக்கர் என்கிற கொக்கி மாட்டுகிறவன் காட்டினால்தான் செல்லும். நிறுத்து என்பதை மட்டும் யார் காட்டினாலும், கூட்டுகிறவன் காட்டினாலும், ஓட்டுகிறவன் நிறுத்தியாக வேண்டும். இரண்டு வருடமாக ஒருவன் உயிர் இன்னொருவன் கையில் இருந்தது. சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டாலும் இவர்கள் நண்பர்கள்தான் என்று சொல்லலாம்.

நிழல் ஏன் ஓடுகிறது என்று எபினேசருக்குப் பரத்தான் விளக்கினான். யார்டின் மூலையில், ஆள் இல்லாத நேரத்தில், ஹெல்மெட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கேஸ் சிலிண்டரைச் சுற்றி நடந்தான். சிலிண்டர்தான் சூரியன். ஹெல்மெட்டின் சாய்வு மட்டும் எப்போதும் ஒரே திசையைப் பார்க்கவேண்டும். இந்தப் பக்கம் வரும்போது மேல்பாதி சூரியனுக்கு முகம் காட்டியது. அந்தப் பக்கம் போனதும் கீழ்ப்பாதி காட்டியது. பள்ளிக்கூடத்தில் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நாலு படம் போட்டிருந்தார்களே, அதெல்லாம் இந்தச் சாய்வால்தான் என்றான். இலை உதிர்வதை இங்கே யார் பார்த்தது? மீஞ்சூரிலிருந்து ஆந்திரா பார்டர் வரைக்கும் இருப்பது வெயில், கொஞ்சம் மழை, திரும்ப வெயில்.

"நம்ம ஊரு பூமியோட நடு இடுப்பாண்ட கீது. அதனால சூரியன் சித்திரைல தலையைத் தாண்டிக்கினு வடக்க போவும். ஆவணி பொறந்தா தெக்க திரும்பி வரும். நெழலும் எங்க பக்கம் தானா வந்துரும். யாரும் ஒண்ணும் இழுக்கல எபி."

எபினேசர் ஹெல்மெட்டை வாங்கி, நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தான். பூமி இப்படி நேராக நின்றிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். வருடம் பூராவும் ஒரே மாதிரி இருக்கும், நிழல் வடக்குப் பக்கமே கிடக்கும் என்றான் பரத்.

"அப்ப எப்பவும் உங்க பக்கமே கெடக்கும்னு சொல்லு. அதான் ஆண்டவனே பாத்து சாச்சு வெச்சிக்கிறான்." எபினேசர் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான். "இத்த உங்க சித்தப்பாகிட்ட சொல்லு பரத்து. இல்லன்னா இங்க யாராவது சாவான். நாங்களும் இந்தப் பக்கம் உக்காந்துக்கறோம்னு ஒரு வார்த்தை வாயால கேக்கட்டும். எடம் கெடக்குது. நான் தள்ளி உக்காந்துக்கறேன்."

சொல்கிறேன் என்று பரத் ஒத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா கிணற்றடியில் கோழி அறுத்துக்கொண்டிருந்தார். பரத் போய் நின்றான். அந்த நெழலு இருக்குதே சித்தப்பா, என்று ஆரம்பித்தான். வெங்கடேசன் கத்தியோடு நிமிர்ந்தார். எந்த நெழலு என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பரத்தின் கை தானாகக் கழுத்தெலும்புக்குப் போனது. ஒன்றுமில்லை என்றான். கோழியின் காலைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தான். துடிப்பு அடங்கும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பூமி எத்தனை சாய்ந்திருந்தால் என்ன, அந்த வீட்டில் சித்தப்பாதான் நேர்.

திங்கட்கிழமை எபினேசர் டயருக்குப் பக்கத்தில் நின்று, சொல்லியாச்சா என்று கண்ணால் கேட்டான்.

"சொல்லிட்டேன். யோசிக்கிறாரு" என்றான் பரத்.

எபினேசரின் முகம் தெளிந்தது. டயரை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனான். கோழைத்தனத்துக்குப் பொய்யைப் போல ஒத்தாசை எதுவும் இல்லை. அன்றைக்கு அது மிகச் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

ஆனி மாதம். காற்று நின்றுபோன ஒரு மத்தியானம், வடக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சோற்றிலேயே மயங்கி விழுந்தார். அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வெங்கடேசன் நேராக ஹைட்ராவுக்கு வந்தார். கையில் ஒரு ஆள் உயரத்துக்கு இரும்புப் பைப். பின்னால் இருபது பேர். ஏறி, ஓட்டுகிற இடத்துக்குப் பக்கத்துப் படியில் நின்றுகொண்டார். தெற்குப் பக்கம் விடச் சொன்னார். பரத் விட்டான்.

சாய்ப்புக்கு அடியில் காலனி ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரகு கிரேன் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ப்பின் வெளி மூலையில் மாட்டினான். யாரும் எழுந்திருக்கவில்லை. தானியேல் பல் போன வாயால், முடிந்தால் இழுத்துப் பார் என்றான். ஊர்க்காரன் ஒருவன் அவன் தட்டை எத்திவிட்டான். தானியேல் அவன் காலைப் பிடித்து இழுத்துக் கீழே சாய்த்து, முகத்தில் முட்டியால் குத்தினான். மூக்கு உடையும் சத்தம் இன்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

அப்போதுதான் எபினேசர் கட்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓடிவந்தான். சங்கிலியைப் பார்த்தான். ஹைட்ராவுக்கும் சாய்ப்புக்கும் நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தான்.

அவன் முகத்தில் பயம் இல்லை. ஹைட்ராவின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது பரத் என்று அவனுக்குத் தெரியும். வெங்கடேசனைப் பார்த்து, கொஞ்சம் மூச்சிரைக்க, மரியாதையாகத்தான் பேசினான்.

"பரத்து சொல்லிச்சே சார். ஆவணிக்குத் திரும்பிரும். அதுவரைக்கும் இங்க வந்து உக்காருங்க. நாங்க வேணாம்னு சொல்லலியே."

வெங்கடேசனுக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. காதில் விழுந்தது சார் மட்டும்தான். இவனுடைய அப்பன் ஆசீர்வாதம் தன்னை ஆண்டை என்று கூப்பிட்டவன், இவன் சூப்பர்வைசரைக் கூப்பிடுகிற மாதிரி சார் என்கிறான். அதோடு, இங்கே வந்து உட்காருங்கள் என்று இடம் வேறு கொடுக்கிறான். பைப்பால் ஹைட்ராவின் தகரத்தில் ஓங்கி அடித்தார்.

"இழுடா."

பரத் கியரைப் பிடித்தபடி இருந்தான். சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. நாக்கு வரைக்கும் வந்தது. பைப்பின் முனை அவன் கழுத்தெலும்பில், கோணலாக ஒட்டிய அதே இடத்தில், வந்து உட்கார்ந்தது.

"இழுடான்றேன்."

அவன் ரிவர்ஸ் போட்டான்.

முதல் இழுப்புக்குச் சாய்ப்பு வரவில்லை. எபினேசர் பற்றவைத்த பற்று அப்படி. சங்கிலி விறைத்து, ஹைட்ராவின் பின்டயர்கள் தரையை விட்டுக் கிளம்பி மறுபடி உட்கார்ந்தன. எபினேசர் கையை விரித்தபடியே தலையை ஆட்டினான். இப்போதும் நகரவில்லை. இவன் நிறுத்துவான் என்றே நின்றான். இரண்டாவது இழுப்பில் சட்டம் சுவரிலிருந்து தகரத்தையும் பிய்த்துக்கொண்டு முழுசாக வெளியே வந்தது. கூரைத் தகடு ஒன்று கழன்று சுழன்றது. அதன் விளிம்பு எபினேசரின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கி, மார்பு வரைக்கும் போய் நின்றது. அதன் மேல் சட்டம் விழுந்தது. அவன் சத்தம் போடவில்லை. போட அவகாசம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல யாராலும் முடியாது. தானியேல் சங்கிலித் துண்டைச் சுழற்றி வெங்கடேசனைப் படியிலிருந்து கீழே தள்ளினான். அவருடைய கை முழங்கைக்குக் கீழே பின்பக்கமாக மடங்கியது. இருபது பேரும் எதிரில் இருந்தவர்களும் கம்பி, ஷவல், சோற்று டப்பா என்று கையில் கிடைத்ததால் அடித்துக்கொண்டார்கள். பரத்தை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்தபோது அவனுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. மண்ணோடு கிடந்த அவன் கண்ணுக்கு எபினேசர் தெரிந்தான். கால் வெயிலில் இருந்தது, தலை நிழலில் இருந்தது.

ரகுவும் அதைப் பார்த்துவிட்டான். சாய்ப்பு இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தான். சுவரை ஒட்டி ஆள் அகலத்துக்குக் கிடந்த நிழலைப் பார்த்தான்.

"கூரை போச்சிடா. நெழலு இன்னும் இங்கயேதான் கீது" என்றான். கேட்பதற்கு யாரும் இல்லை. எவனோ அவன் முட்டியில் கம்பியால் போட்டான், சுருண்டு விழுந்தான்.

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில், ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் சித்தப்பாவும் பரத்தும் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பாவின் கை கட்டுப்போட்டுத் தொங்கியது. காலனிக்காரர்கள் கூரையை இழுத்துக்கொண்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவர் இன்ஸ்பெக்டரிடம் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார்.

எபினேசரின் மனைவி சோனியா, வேலை செய்யும் பேக்கிங் கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் புருஷனின் உடலைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். கூட வந்த மாமனார் ஆசீர்வாதம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் அழவில்லை. வெங்கடேசன் பெயரைச் சொல்லி, இவன்தான் கொன்றான் என்றாள். பிறகு பரத்தைக் காட்டினாள்.

"இந்தப் பரத்து அண்ணன் சாட்சி சார். பூமி சாஞ்சிக்கினு சுத்துது, அதான் நெழலு மாறுது, ஆவணிக்குத் திரும்பிரும்னு எங்க ஊட்டுக்காரருக்கு இவருதான் சொன்னாரு. இந்த ஆளுகிட்டயும் சொல்லிட்டாரு. அந்த நம்பிக்கைலதான் சார் அவரு போயி எதிர்ல நின்னாரு. எல்லாம் தெரிஞ்சிக்கினே இந்த ஆளு இழுக்கச் சொல்லிக்கிறான். பரத்து அண்ணனை மெரட்டி ஓட்ட வெச்சிக்கிறான். அவரையே கேளுங்க."

வெங்கடேசன் வாயைப் பிளந்தார். தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். இன்ஸ்பெக்டர் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, பரத்தைப் பார்த்து, சித்தப்பாவிடம் சொன்னாயா இல்லையா என்று கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். கழுத்தில் பைப்பை வைத்தது உண்மை. அந்த ஒரு வார்த்தையோடு அவன் சாட்சியாகி, கட்டுப்போட்ட விலாவோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். சித்தப்பா உள்ளே போனால் இனி அடிக்கவும் ஆள் இல்லை. சோனியா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டயரைத் தட்டிவிட்டுப் போனவன் முகத்தில் இருந்த அதே நம்பிக்கை அவள் முகத்திலும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பரத்தால் இன்னொரு முறை பொய் சொல்ல முடியவில்லை.

"சொல்லல" என்றான்.

சோனியாவுக்குப் புரியவில்லை. இன்னா என்று கேட்டாள்.

"சித்தப்பாகிட்ட நான் சொல்லவேல்ல. சொல்லிட்டேன்னு எபிகிட்ட பொய் சொன்னேன். கை விரிச்சதையும் பாத்தேன். பாத்துக்கினேதான் இழுத்தேன்."

வெங்கடேசன் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார். கேட்டீங்களா சார், எனக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும், என்று நல்ல கையால் அவனைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பரத்துக்கு நினைவு தெரிந்து சித்தப்பா சொன்னதில் ஒரு பொய்யும் கலக்காதது அன்றைக்குத்தான். சோனியா பரத்துக்கு எதிரில் வந்து நின்றாள். அறைவாள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் தொடவில்லை. அவன் கண்ணைத் திறக்கும்வரை நின்றாள், பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல இவன் பேரை எழுதுங்க சார். அந்த ஆளு ரெண்டாவது."